நெல்லைச் சீமையில் நல்லமிளகு: கொடி நடுவது முதல் கஷாயம் வரை

எங்கள் ஆச்சி கடைசி வரை வெறும் மிளகு என்று சொன்னதில்லை. அவளுக்கு அது நல்லமிளகு. பின்னால் வந்த மிளகாய், மிளகின் பெயரையே வாங்கிக்கொண்டு அடுப்படியைப் பிடித்துவிட்டது. பழையதைப் பிரித்துச் சொல்லத்தான் அந்த ‘நல்ல’. அதற்கும் முந்தி இதன் பெயர் கறி. சங்க காலத்தில் யவனர் பொன்னோடு முசிறிக்கு வந்து ஏற்றிப்போனது இந்தக் கறியைத்தான்.

மிளகு என்றால் வயநாடு, இடுக்கி, நம்ம பக்கம் வராது என்று பலர் சொல்லக் கேட்டிருக்கிறேன். அது சரியில்லை. மிளகின் பிறந்த வீடே மேற்குத் தொடர்ச்சி மலை. பொதிகையும் அந்த மலைதான். பாபநாசத்துக்கு மேலே காணிப் பழங்குடி மக்கள் தங்கள் குடியிருப்பைச் சுற்றி மிளகு வளர்க்கிறார்கள். செங்கோட்டை, புளியரை, மேக்கரை அடிவாரத் தோப்புகளில் மரத்தைத் தழுவி நிற்கும் கொடிகளைப் போகிற வழியிலேயே பார்க்கலாம். 2019இல் தென்காசி தனி மாவட்டமானாலும், மலையும் சாரலும் பிரியவில்லை என்பதால் எல்லாவற்றையும் நெல்லைச் சீமை என்றே எழுதுகிறேன்.

ஆனால் ஒன்றை முதலிலேயே மனதில் வையுங்கள். மலைக்கு மேற்கே உள்ளவர்களுக்கு எழுதிய முறையை அப்படியே இங்கே செய்தால் கொடி நிற்காது. அவர்களுக்குப் பெருமழை ஜூனில் தொடங்கும். நமக்கு ஆனி, ஆடியில் செங்கோட்டைக் கணவாய் வழியாகச் சிந்துகிற சாரல் மட்டும். உண்மையான மழை ஐப்பசி, கார்த்திகையில்தான் கொட்டும். மிளகு பூப்பது சாரலில், சாவது அடைமழையில். ஆனியில் தண்ணீர் கொடுக்கவும் ஐப்பசியில் தண்ணீரை வெளியேற்றவும் வழி வைத்திருப்பவர் நம் சீமையில் தாராளமாக மிளகு வளர்க்கலாம். இந்த வழிகாட்டியில் உள்ள மற்றதெல்லாம் அதை ஒட்டியதுதான்.

இடம் பார்ப்பது

வெற்றிலைக் கொடி பார்த்தவர்களுக்கு மிளகைப் புரியவைப்பது எளிது. இரண்டும் ஒரே குடும்பம், இலையைக் கசக்கி முகர்ந்தாலே தெரியும். வெற்றிலைக்குப் போலவே இதற்கும் நிழல், ஈரம், குளிர்ச்சி வேண்டும். வெட்டவெளிக் கரிசலிலும் தேரி மணலிலும் முயல வேண்டாம். வடிகால் உள்ள செம்மண், மட்கு நிறைந்த மலையடிவார மண், கார அமில நிலை 5.5 முதல் 6.5 வரை இருந்தால் உத்தமம். அம்பாசமுத்திரம், களக்காடு, திருக்குறுங்குடி, கடையம், குற்றாலம் வரையிலான அடிவாரப் பட்டையில் தென்னையோ பாக்கோ மாவோ நிற்கும் தோப்பு இருந்தால் இடம் தயார். சமவெளியில் கிணற்றுப் பாசனத் தென்னந்தோப்பிலும் வரும், ஆனால் மேலிருந்து நீர் தெளிக்கும் ஏற்பாடு கட்டாயம்.

கார், பிசானம் என்று நெல் போடுகிற வயலை ஒட்டிய தாழ்ந்த வரப்போரத்தில் மட்டும் நடாதீர்கள். வயலின் ஊற்று வேருக்கு வந்துவிடும்.

படர்மரம்

கொடிக்கு மரம் தேவை. நம் பக்கம் எல்லோருக்கும் முதலில் தோன்றுவது தென்னை. அதில் ஒரு சிக்கல் இருக்கிறது. தேங்காய் பறிக்க ஏறுகிறவர் கொடி சுற்றிய மரத்தில் கால் வைக்க மாட்டார், வைத்தாலும் கிளைகள் ஒடியும். தொரட்டி போட்டுத் தேங்காய் பறிக்கிற தோப்பு என்றால் தென்னையில் ஏற்றலாம். இல்லையென்றால் இரண்டு தென்னைக்கு நடுவில் கிளைரிசிடியா என்ற தழையுர மரத்தின் போத்து (வெட்டிய கிளை) நட்டு அதில் ஏற்றுங்கள். போத்து வைகாசி மழைக்கு நட்டால் பிடித்துக்கொள்ளும், தழை வெட்டி உரமாகவும் போடலாம். முள்முருங்கை பழைய வழக்கம், நல்ல மரம்தான், ஆனால் இலையில் முடிச்சு விழவைக்கும் சிறு குளவி வந்த பிறகு அதை மட்டும் நம்ப முடியவில்லை. சில்வர் ஓக் மலையில் சரி. நான் பார்த்தவரை பலாவுக்கு இணை இல்லை. சொரசொரப்பான பட்டை, வேர்ப்பிடிப்புக்கு ஈரம், வருடம் முழுக்க நிழல். வீட்டுக் கொல்லையில் ஒரு பலா நிற்கிறது என்றால், அதில் இரண்டு கொடி ஏற்றுங்கள். குடும்பத்துக்கு மிளகு வாங்க வேண்டியிருக்காது.

மர இடைவெளி 3 மீட்டர். மரத்துக்கு வடக்கு அல்லது வடகிழக்குப் பக்கம் குழி எடுக்க வேண்டும். தெற்கு, மேற்கு வெயில் இளங்கொடியைச் சுட்டுவிடும்.

எந்த ரகம், எந்தக் கொடி

நிழல் அதிகமான தோப்புக்குக் கரிமுண்டா. ஓரளவு வெளிச்சம் விழும் இடத்துக்குப் பன்னியூர் 1. இது கண்ணூர் மாவட்டத்தில் உள்ள பன்னியூர் ஆராய்ச்சி நிலையம் 1971இல் தந்த கலப்பின ரகம், உலகத்திலேயே முதல் மிளகுக் கலப்பினம். சரம் நீளம், மணி பெரிது. அடர்ந்த நிழலில் வைத்தால் காய்க்காது, அதை வாங்கி இருட்டுத் தோப்பில் நட்டுவிட்டு ரகத்தைக் குறை சொல்பவர்கள் உண்டு. கோழிக்கோட்டில் உள்ள இந்திய நறுமணப் பயிர்கள் ஆராய்ச்சி நிறுவனத்தின் ஸ்ரீகரா, சுபகரா, பஞ்சமி, தேவம் போன்றவையும் நல்லவை. வாடல் நோயைத் தாங்குவதில் தேவத்துக்குப் பெயர் உண்டு. ஒரே ரகத்தை நடாமல் இரண்டு மூன்றைக் கலந்து நடுங்கள்.

இனி நாற்று விஷயம். இதில் நான் அடிபட்டிருக்கிறேன், அதனால் விரித்துச் சொல்கிறேன். மிளகில் மூன்று வகைத் தண்டு உண்டு. அடியிலிருந்து கிளம்பித் தரையில் ஓடுவது ஓடுகொடி. மரத்தைப் பற்றி மேலே போவது ஏறுகொடி, கணுவுக்குக் கணு பற்றுவேர் இருக்கும். பக்கவாட்டில் நீட்டிக்கொண்டு சரம் தள்ளுவது பக்கக்கிளை, அதில் பற்றுவேர் இருக்காது. பக்கக்கிளையை வெட்டி நட்டால் அது மரம் ஏறாது, புதராகவே நிற்கும். தொட்டியில் வளர்க்கிற குத்துமிளகு என்பது அதுதான். முதல் வருடம் ஒரு நர்சரியில் 60 நாற்று வாங்கி நட்டேன். அடுத்த ஆண்டு பார்த்தால் பாதிக்கு மேல் மரத்தைத் தொடாமல் தரையிலேயே கொத்துக் கொத்தாக நிற்கிறது. அவர்கள் தந்தது பக்கக்கிளைத் துண்டு. ஒரு வருட உழைப்பு போனது. நாற்று வாங்கும்போது பையைக் கையில் எடுத்துக் கணுவைத் தடவிப் பாருங்கள். சின்னச் சின்ன வேர்முனை விரலில் தட்டுப்பட வேண்டும். அரசு தோட்டக்கலைப் பண்ணைகளில் விசாரித்து வாங்குவது நல்லது.

சொந்தமாக நாற்றுப் போட நினைத்தால், வருடாவருடம் தவறாமல் காய்க்கிற, 5 முதல் 12 வயதுள்ள ஒரு தாய்க்கொடியைப் பார்த்து வையுங்கள். அதன் ஓடுகொடிகளைத் தரையில் வேர்விட விடாமல் மார்கழியிலேயே ஒரு குச்சியில் சுற்றி வையுங்கள். மாசியில் வெட்டி, இளம் நுனியையும் முற்றிய அடியையும் தள்ளிவிட்டு, நடுப்பகுதியை இரண்டு மூன்று கணுத் துண்டுகளாக நறுக்கி, இலையைக் கிள்ளி, மண்ணும் மணலும் தொழுவுரமும் கலந்த பையில் ஒரு கணு புதையும்படி ஊன்றுங்கள். நிழலில் வைத்து ஈரம் காயாமல் பார்த்தால் ஆனியில் நடவுக்கு வந்துவிடும். மிளகு விதையை முளைக்கப்போட்டு நடுவது வீண் வேலை. தாயின் குணம் வராது, சில கொடி ஆண்கொடியாகப் போய் ஒரு சரமும் பிடிக்காது. களக்காடு முண்டந்துறை 1988 முதல் புலிகள் காப்பகம், அங்கே காட்டுக்கொடியை வெட்டி எடுப்பது குற்றம் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன்.

நடவு

குழி அரை மீட்டர் நீளம், அகலம், ஆழம். மரத்தின் அடியிலிருந்து ஒரு சாண் தள்ளி எடுங்கள். மேல்மண்ணோடு 5 முதல் 10 கிலோ மட்கிய தொழுவுரம், கொஞ்சம் வேப்பம்பிண்ணாக்கு, டிரைக்கோடெர்மா (நோய்ப் பூஞ்சையை அடக்கும் நல்ல பூஞ்சை) கலந்து மூடி ஒரு வாரம் ஆறவிடுங்கள். சாரல் பிடித்ததும் குழிக்கு இரண்டு நாற்று வையுங்கள். நட்டபின் மண்ணை மரத்தை நோக்கி அணைத்து மேடாக்குங்கள். குழியாக விடக்கூடாது.

இந்த மேடுதான் நம் ஊர் மிளகுக்கு உயிர்நாடி. வாழைக்கும் தென்னைக்கும் வட்டப்பாத்தி கட்டிய பழக்கத்தில் நானும் மிளகுக்குப் பாத்தி கட்டினேன். கார்த்திகையில் நான்கு நாள் விடாமல் மழை. ஐந்தாம் நாள் காலையில் தோப்புக்குள் போனால் ஒரு வரிசைக் கொடிகளின் இலை வெந்ததுபோல் தொங்குகிறது. தொட்டதும் கணு கணுவாகக் கழன்று விழுந்தது. அடித்தண்டைக் கீறிப் பார்த்தேன், கறுத்து, கெட்ட வாடை. பக்கத்துத் தோப்புப் பெரியவர் வந்து நின்று பார்த்துவிட்டுச் சொன்னார்: “எய்யா, மொளவுக்குக் கால் நனையலாம், ஊறப்படாது.” அன்றைக்கே எல்லாப் பாத்தியையும் வெட்டி வாய்க்கால் விட்டேன். மிச்சம் இருந்தவை இன்றைக்கும் காய்க்கின்றன.

முதல் மூன்று ஆண்டுகள்

கொடி ஏற ஏறப் பற்றுவேரை மரத்தோடு சேர்த்து வாழைநாரால் கட்டிக்கொண்டே போக வேண்டும். பங்குனி முதல் வைகாசி வரை இளங்கொடியைத் தென்னை ஓலையால் மறைத்து நிழல் கொடுங்கள். அடியில் சருகு, பாக்கு மட்டை மூடாக்கு. களையைக் கையால் பிடுங்குங்கள். மண்வெட்டி போட்டால் வேர் காயப்பட்டு நோய் நுழைய அதுவே வாசலாகிவிடும். ஒரு வருடத்தில் கொடி ஆளுயரம் வந்ததும் மெல்லப் பிரித்து இறக்கி, அடியைச் சுற்றி மண்ணில் பதித்து, நுனியை மறுபடி ஏற்றிவிடும் பழைய வழக்கம் உண்டு. பொறுமை வேண்டும், ஆனால் அடியிலிருந்தே பக்கக்கிளை வெடித்து மரம் முழுக்கக் காய்ப்பு கிடைக்கும். உயரத்தை 4, 5 மீட்டரோடு நிறுத்துவது பறிக்கிறவருக்கு நல்லது.

உரம்: மூன்று வயதான கொடிக்கு வருடத்துக்கு 10 கிலோ தொழுவுரம், 100 கிராம் தழைச்சத்து, 40 கிராம் மணிச்சத்து, 140 கிராம் சாம்பல்சத்து. இதை வைகாசி ஆனியில் பாதி, புரட்டாசியில் பாதி. முதல் வருடம் மூன்றில் ஒரு பங்கு, இரண்டாம் வருடம் பாதி. புளிப்பு மண்ணாக இருந்தால் இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை கொடிக்கு அரைக்கிலோ சுண்ணாம்பு. ரசாயன உரம் போடாதவர்கள் தொழுவுரத்தைக் கூட்டி, வேப்பம்பிண்ணாக்கு ஒரு கிலோ சேர்த்துக்கொள்ளலாம்.

தண்ணீர்க் கணக்கு

மார்கழி முதல் மாசி வரை 8, 10 நாளுக்கு ஒருமுறை பாய்ச்சுங்கள், மணி திரளவும் கொடி வாடாமல் இருக்கவும் இது வேண்டும். பங்குனி பாதியிலிருந்து வைகாசி பாதி வரை, காய்க்கிற வயதுக் கொடிக்குத் தண்ணீரைக் குறைத்துக் கொஞ்சம் வாட விடுங்கள். இலை லேசாகத் தொய்யும். பயப்பட வேண்டாம், கருகாமல் பார்த்தால் போதும். அந்தப் பட்டினிக்குப் பிறகு வைகாசிக் கடைசியில் நன்றாக நனைந்ததும் பக்கக்கிளைகளில் தளிரும் தளிருக்கு எதிரே இளஞ்சரமும் ஒன்றாக வெடிக்கும்.

இங்கேதான் சாரலின் அருமை. மிளகுப் பூ கண்ணுக்குத் தெரியாத அளவு சின்னது. மழைத்துளி சரத்தின் வழியாக வழிந்து இறங்கும்போது மகரந்தம் மேலிருந்து கீழே பூப்பூவாக நனைந்து சேர்கிறது. ஆனி, ஆடியில் சாரல் தொடர்ந்து விழுந்தால் சரம் நெருக்கமாகப் பிடிக்கும். நடுவில் பத்து நாள் வெயில் காய்ந்தால் சரம் உதிரும், அல்லது பல் விழுந்த சீப்பு மாதிரி இடைவெளியோடு நிற்கும். குற்றாலத்தில் சீசன் நன்றாக இருக்கும் வருடம் அடிவாரத்தில் மிளகும் நன்றாக இருக்கும். சாரல் எட்டாத தோப்பில் ஸ்பிரிங்க்ளரைக் கொடிக்கு மேலே படும்படி வைத்து, மாலையில் ஒரு மணி நேரம் சாரல் போலவே தெளியுங்கள். சொட்டுநீர் வேரை நனைக்கும், பூவை நனைக்காது.

நோய்க்கு முன்னால் போவது

கார்த்திகையில் என் கொடிகளைச் சாய்த்த அந்த அழுகல்தான் விரைவு வாடல். அது வந்தபின் செய்ய அதிகம் இல்லை. வருமுன் இரண்டு தடவை போர்டோ கலவை அடியுங்கள்: சாரலுக்கு முன் வைகாசியில், அடைமழைக்கு முன் புரட்டாசியில். ஒரு கிலோ மயில்துத்தத்தை (காப்பர் சல்பேட்) 50 லிட்டர் தண்ணீரில் தனியாகவும், ஒரு கிலோ சுட்ட சுண்ணாம்பை 50 லிட்டரில் தனியாகவும் கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்பில் ஊற்றிக் கலக்குங்கள். பிளாஸ்டிக் அல்லது மண் பாத்திரம் மட்டும். இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் முக்கி எடுத்தால் செம்பு நிறம் படியக் கூடாது, படிந்தால் சுண்ணாம்பு போதவில்லை. அன்றன்றைக்குக் கலக்கி அன்றே அடித்துவிட வேண்டும். இலையின் அடிப்பக்கமும் அடித்தண்டும் நனைய அடியுங்கள்.

இலை மெதுவாக மஞ்சளாகி வருடக்கணக்கில் தேய்ந்தால் அது வேரைத் தாக்கும் நூற்புழு, வேப்பம்பிண்ணாக்கு உதவும். மணியை நசுக்கினால் உள்ளே வெறும் பொள்ளாக இருந்தால் பொள்ளு வண்டு. அடர்நிழலில்தான் அது பெருகும், ஆகவே வைகாசியிலும் புரட்டாசியிலும் மரத்தைக் கவாத்து செய்து வெளிச்சம் விடுங்கள். ஆவணி முதல் ஐப்பசி வரை வேப்பெண்ணெய்க் கரைசல் மாதம் ஒருமுறை. வாடி இறந்த கொடியை வேரோடு தோண்டி எரித்துவிடுங்கள்.

பறிப்பதும் காயவைப்பதும்

மூன்றாம், நான்காம் ஆண்டில் காய்ப்பு தொடங்கும், ஏழெட்டு ஆண்டில் முழு விளைச்சல், 20, 25 ஆண்டு வரை நிற்கும். சமவெளியில் கார்த்திகை, மார்கழியிலும் மலையில் தை, மாசியிலும் பறிப்பு. சரத்தில் ஒன்றிரண்டு மணி சிவந்ததும் சரத்தோடு பறிக்க வேண்டும். எல்லாம் பழுக்கட்டும் என்று காத்திருந்தால் பறவைக்குத்தான்.

பறித்த சரத்தை ஒரு இரவு சாக்கில் கட்டி வைத்தால் மணி எளிதில் உதிரும். உதிர்த்த மணியைத் துணியில் முடிந்து கொதிக்கிற தண்ணீரில் சரியாக ஒரு நிமிடம் முக்கி எடுங்கள். பச்சை மணி வெயில் பட்ட சில மணி நேரத்தில் பழுப்பாகி, மறுநாள் ஒரே சீராகக் கறுத்துவிடும். அழுக்கும் கிருமியும் போகும். பனையோலைப் பாயில் மெல்லப் பரப்பி மூன்று நான்கு நாள் காயவிடுங்கள். மார்கழியில் மழை மூட்டம் இருந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அதனால் இரவில் உள்ளே எடுத்து வைப்பது முக்கியம். சாலையில் காயப்போட வேண்டாம். கையில் அள்ளிக் குலுக்கினால் கலகலவென்று சத்தம் வர வேண்டும், பல்லில் வைத்தால் படக்கென்று உடைய வேண்டும். ஈரம் 11 சதவீதத்துக்குள் இறங்கியிருக்கும். மூன்று கிலோ பச்சைக்கு ஒரு கிலோ காய்ந்த மிளகு. நன்றாகப் பார்த்த கொடி ஒன்று வருடத்துக்கு ஒன்று முதல் இரண்டு கிலோ தரும்.

விற்கும்போது லிட்டர் எடை கேட்பார்கள். ஒரு லிட்டர் அளவையில் 550 கிராம் நின்றால் நல்ல மிளகு. வெண்மிளகு வேண்டுமென்றால் நன்கு பழுத்த மணியை ஒரு வாரம் தண்ணீர் மாற்றி மாற்றி ஊறவைத்துத் தோலைத் தேய்த்துக் கழுவிக் காயவைக்க வேண்டும். வீட்டுக்கு அது அவசியமில்லை.

மருந்தாக மிளகு

பத்து மிளகு இருந்தால் பகைவன் வீட்டிலும் உண்ணலாம் என்பது நம் பெரியவர்கள் இதன்மேல் வைத்த நம்பிக்கை. சுக்கு, மிளகு, திப்பிலி மூன்றும் சேர்ந்தது திரிகடுகு, சித்த மருத்துவத்தின் அடிப்படைச் சரக்கு. நிலவேம்புக் குடிநீரின் ஒன்பது சரக்குகளில் மிளகும் ஒன்று. காரத்துக்குக் காரணமான பைப்பரின் மஞ்சளின் சத்து உடலில் சேர்வதைப் பெரிதும் கூட்டுகிறது என்பதை 1998இல் வெளிவந்த ஆய்வு காட்டியது. மஞ்சள் பாலில் மிளகு தட்டிப்போட்ட ஆச்சிமார்களுக்கு அது முன்பே கைப்பழக்கம்.

சளிக்கு எங்கள் வீட்டில் வைப்பது இது. பத்து மிளகு, ஒரு விரலளவு சுக்கு இரண்டையும் அம்மியில் ஒன்றிரண்டாகத் தட்டி, ஒரு பிடி துளசியோடு இரண்டு டம்ளர் தண்ணீரில் போட்டு ஒரு டம்ளராக வற்றவிட்டு, உடன்குடிக் கருப்பட்டி கரைத்து வடிகட்டி, பொறுக்கிற சூட்டில் மடக்கு மடக்காகக் குடிக்க வேண்டும். மாவாகப் பொடிக்காதீர்கள், கஷாயம் கலங்கித் தொண்டையில் நிற்கும்.

மூக்கடைத்துத் தலை பாரமாக இருந்தால் ஆச்சி ஒரு மிளகைக் கோணி ஊசியில் குத்தி விளக்குச் சுடரில் காட்டுவாள். மணி சிவந்து மெல்லிய நூலாகப் புகை வரும். அதை ஒரு மூக்கால் ஒருதரம், மறு மூக்கால் ஒருதரம் இழுக்கச் சொல்வாள். கண்ணில் நீர் முட்டும், மூக்கு திறக்கும். ஆஸ்துமா உள்ளவர்களும் குழந்தைகளும் இதைச் செய்யக் கூடாது.

சனிக்கிழமை எண்ணெய்க் குளியலுக்கு நல்லெண்ணெயில் நாலு மிளகும் கொஞ்சம் சீரகமும் போட்டுப் பொரியவிட்டு, ஆறியதும் தேய்ப்போம். அன்றைக்குச் சாப்பாடு மிளகுக் குழம்பும் சுட்ட அப்பளமும். தீபாவளி லேகியத்திலும் பிள்ளை பெற்றவளுக்குக் கொடுக்கும் மருந்துக் குழம்பிலும் மிளகு முன்னால் நிற்கும். செரிக்காத வயிற்றுக்கு மிளகு, சீரகம், ஓமம் வறுத்துப் பொடித்து, இந்துப்போடு மோரில் ஒரு சிட்டிகை. தொண்டைக் கரகரப்புக்கு மிளகுத்தூள் இரண்டு சிட்டிகை தேனில் குழைத்து நக்க வேண்டும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் கொடுக்கவே கூடாது. புழுவெட்டுக்குச் சின்ன வெங்காயம், மிளகு, உப்பு அரைத்துப் பூசுவதும் பழைய வழக்கம், தோல் எரிந்தால் உடனே கழுவிவிடுங்கள். விஷக்கடிக்கு வெற்றிலையில் மிளகு வைத்து மெல்லச் சொல்வார்கள். பாம்பு தீண்டினால் அதற்கு ஒரு நிமிடமும் செலவிடாமல் ஆஸ்பத்திரிக்கு ஓடுங்கள்.

வயிற்றுப்புண் உள்ளவர்கள் மிளகுக் கஷாயத்தைத் தொடர்ந்து குடிக்க வேண்டாம், எரிச்சல் கூடும். வலிப்புக்கான பெனிடாயின், மூச்சுத்திணறலுக்கான தியோபிலின், ரத்த அழுத்தத்துக்கான புரோப்ரனலால் போன்ற மாத்திரைகளின் அளவைப் பைப்பரின் ரத்தத்தில் ஏற்றிவிடும். ரசத்தில் போடுகிற மிளகுக்குப் பயம் இல்லை. சூரணமாகவோ மாத்திரையாகவோ நாள்தோறும் எடுப்பதாக இருந்தால், நீங்கள் சாப்பிடுகிற மருந்துச் சீட்டையும் கையில் எடுத்துக்கொண்டு, பாளையங்கோட்டை அரசு சித்த மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் காட்டி அளவு கேட்டுக்கொள்ளுங்கள்.